எழுத்துப் பிழை என்று ஒரு கட்டம்

காலை ஒன்பது பத்து. கல்லூரிக் கணினித் துறையின் மேசையில் கிடந்த, டெல்லிக்குப் போகவிருந்த குறைப் பட்டியலில் நான் முதலில் பார்த்தது ஏழாவது வரிசை. வாக்கியம் என்னுடையது. எதிரே இருந்த பெயர் துறைத் தலைவருடையது.

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு கணினி மொழிக்கு உலகம் முழுக்க ஒரே விதிநூல். அதைப் பராமரிக்கும் குழு, திருத்த வரைவுகளை நாடுகளுக்கு அனுப்பும். டெல்லி வழியாக அவை திண்டுக்கல்லில் எங்கள் ஐந்து பேரிடமும் வரும். சனிக்கிழமைகளில் கூடி, வரிவரியாகப் படித்துக் குறை சொல்வோம். துறைத் தலைவர்தான் எங்களுக்கும் தலைவர். நான் நாகல் நகரில் ஒரு கணினி மையத்தில் பாடம் நடத்தினேன். அதற்கு முன் ஆறு வருடம் பத்திரிகையில் பிழை திருத்தினேன்.

அகரத்திலிருந்தும் குஜிலியம்பாறையிலிருந்தும் வந்த தமிழ்வழி மாணவர்களுக்காக வரைவைத் தமிழில் எழுதியபோது, ஓரிடத்தில் பேனா நின்றது. ஆங்கிலத்தில் ‘மே நாட்’ (may not) என்று இருந்தது. செய்யக் கூடாது என்பதா, செய்யாமலும் இருக்கலாம் என்பதா? ஆங்கிலத்தில் படித்தவர்கள் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள். தமிழில் இரண்டில் ஒன்றை எழுதியாக வேண்டும். கூட்டத்தில் சொன்னேன். அதுதான் அந்த ஏழாவது வரிசை.

“சார், இது நான் சொன்னது.”

“குழுவுல சொன்னா அது குழுவோடதும்மா. தலைவர் பேருலதான் போகும், அம்புட்டுதான்.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “பேப்பர்ல பிழை திருத்துனியே, அங்க உன் பேரைப் போட்டாங்களாக்கும்?”

மற்ற மூவரும் சிரித்தார்கள். பத்திரிகையில் என் பெயரைப் போட்டதில்லை.

விதிநூல் அச்சாகி வந்தது. பின்பக்கத்தில், குறை கண்டு சொன்னவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நான் விலகவில்லை. குறைகளைத் தொகுத்துத் தட்டச்சு செய்யும் வேலையை யாரும் விரும்பவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டேன்.

டெல்லிக்குக் குறைகளை அனுப்பும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு குறையும் பொருட்பிழையா, எழுத்துப் பிழையா என்று அதில் குறிக்க வேண்டும். பொருட்பிழை என்றால் டெல்லியில் விவாதம். கண்டுபிடித்தவரே நேரில் போய் விளக்கலாம். எழுத்துப் பிழை என்றால் பெயரில்லாமல் பதிப்பாசிரியரிடம் போகும். அவர் கண்ணில் பட்டால் உண்டு.

ஐந்து வருடம் காத்திருந்தேன். அடுத்த வரைவில் துறைத் தலைவர் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். ஒரு விதியில் ‘மட்டும்’ என்ற பொருள் தரும் சொல் விடுபட்டிருந்தது. அது இல்லாவிட்டால், சரியாக எழுதிய நிரலும் தவறான விடை தரலாம். மூன்று மாத உழைப்பு. ஓய்வு பெறுவதற்குள் டெல்லிக் கூட்டத்தில் அதைப் பேசிவிட வேண்டும் என்று கோட் தைக்கக் கொடுத்திருந்தார். மூன்று முறை சரிபார்த்தேன். அவர் சொன்னது சரி.

எழுத்துப் பிழை என்று குறித்தேன்.

திங்கட்கிழமை நகலைக் கையில் வைத்துக்கொண்டு மையத்துக்கே வந்தார்.

“ஏம்மா, இதைப் போயி எழுத்துப் பிழைன்னு போட்டிருக்க?”

“ஒரு சொல்லுதானே சார் விட்டுப்போயிருக்கு. பேப்பர்ல பிழை திருத்துனவ, எனக்குத் தெரியாதா?”

நகலை என் மேசைமேல் வைத்தார். “மாத்தி அனுப்பிரலாம்ல?”

“நேத்தோட கடைசி நாள் முடிஞ்சுருச்சு சார்.”

பணி நிறைவு விழாவுக்கு அந்தக் கோட்டைப் போட்டு வந்தார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

புதிய பதிப்பு வந்த அன்று அந்த விதி இருந்த பக்கத்தைத்தான் முதலில் திருப்பினேன். விடுபட்ட அந்தச் சொல் அங்கே இன்னும் இல்லை.