மாமா கை தூக்கவில்லை

அந்தக் காது மிஷின் கூரியரில் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. திறந்தால் உள்ளே இரண்டு குட்டிக் கருவிகள். என் கணவர் அதைத் தன் அப்பாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, புது லாரியின் சாவியைக் கொடுத்தவர் போலப் பெருமையாக நின்றார். "டாக்டரும் வேண்டாம், டெஸ்டும் வேண்டாம். மாட்டுனாக் கேக்கும், அவ்வளவுதான்" என்றார். செருப்பு வாங்கப் போனால் நாலு ஜோடி போட்டுக் கடைக்குள்ளேயே நடந்து பார்க்கிற மனிதர் அவர். அப்பாவின் காதுக்கு மட்டும் போனில் படத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார். சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்கலாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அந்த வீட்டில் மருமகள் பேச்சைக் கேட்கிற காது அப்போது யாருக்கும் இல்லை.

எங்கள் வீடு திருச்செங்கோட்டுக்குப் பக்கம். மாமா என்று நான் கூப்பிடும் என் மாமனார், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று வண்டி போன இடமெல்லாம் போனவர். மழைக்காலத்தில் மட்டும் வீட்டுக்கு வருவார். வந்த களைப்புத் தீர்வதற்குள் கிளம்பிவிடுவார். அத்தை, அதாவது என் மாமியார், அதற்காகப் புலம்புகிற ஆள் இல்லை. பேச வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டே வந்தார். கிணறு வற்றிப்போன வருடம் பட்ட பாடு, பங்காளி வரப்பை வெட்டி உள்ளே தள்ளிய கதை, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தது, எல்லாமே "அவரு வேலைய உட்டுப்போட்டு வரட்டும், உக்காந்து சொல்லிக்கறேன்" என்று ஒத்திப்போட்டவை. அவரும் ஒருநாள் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தார். காது மட்டும் கூட வரவில்லை.

ரிக்கின் கம்ப்ரஸர் சத்தம் அதைத் தின்றுவிட்டது. ரிக்கில் இருந்தவரை அது அவருக்கே தெரியவில்லை, ஏனென்றால் அந்த இரைச்சலில் யாரும் வாயால் பேசுவதில்லை. எல்லாம் கை ஜாடைதான். வீட்டுக்கு வந்த பிறகும் மாமா அதை விடவில்லை. இரண்டு விரலைச் சுழற்றினால் டீ வேண்டும், உள்ளங்கையைக் கவிழ்த்தால் சோறு போதும். அத்தை கதையை ஆரம்பித்தால் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். சிரிக்க வேண்டிய இடத்துக்கும் அதே தலையாட்டல், அழ வேண்டிய இடத்துக்கும் அதே தலையாட்டல். "ஊரூருக்குப் பூமியத் தொளச்சாரு, இவரு காதுல எம்பேச்சு எறங்க ஒரு தொளை இல்லியே அம்மிணி" என்று அத்தை ஒருநாள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

இந்த நிலையில்தான் அந்த மிஷின் வந்தது. மாமா அதை மாட்டியதும் சத்தத்தை முழுசாகத் திறந்துவிட்டார். எந்த இயந்திரத்தையும் பாதியில் ஓட்டிப் பழக்கம் இல்லை. பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம் அவருக்கு எங்கள் கூடத்துக்கே குடிவந்தது. குக்கர் விசிலடித்தால் கட்டிலைப் பிடித்துக்கொள்வார். "எல்லாங் கேக்குது சாமி" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். எல்லாம் கேட்டது, அத்தை பேசுவது மட்டும் புரியவில்லை. சத்தம் பெரிதாக வந்ததே தவிர வார்த்தை தெளிவாக வரவில்லை. "பழகப் பழகச் சரியாயிரும்" என்றார் கணவர்.

அடுத்த வாரம் என் நாத்தனார் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்ற முறையில் என் கணவர் குழந்தையை மடியில் வைத்திருந்தார். ஆசாரி ஊசியை எடுத்த நேரம் பார்த்து, பேத்தியைக் கொஞ்ச மாமா குனிந்தார். காதிலிருந்த மிஷின் "கீ" என்று கத்தத் தொடங்கியது. ஆசாரி கையை இழுத்துக்கொண்டார். "யார் போனுங்க அது, அணைங்க" என்று யாரோ அதட்ட, மண்டபமே தன் தன் போனைத் தேடித் தடவியது. மாமாவும் தன் போனை எடுத்துப் பொறுப்பாக அணைத்தார். அந்தக் கீச்சொலி அவருக்குக் கேட்கவே இல்லை. அழுதுகொண்டிருந்த குழந்தை, குருவி எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டது. மடியில் குழந்தையோடு எழுந்திருக்கவும் முடியாமல், தான் வாங்கிய மிஷினின் முழுச் சத்தத்தையும் என் கணவர்தான் வாங்கினார். அன்று சாயங்காலமே, "சேலத்துக்கு எப்பப் போலாம்?" என்று என்னைக் கேட்டார்.

சேலத்தில் டாக்டர் முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, அழுக்கும் கல் தூசியுமாக ஒரு கட்டியை எடுத்தார். "எந்த மாநிலத்து மண்ணுங்க இது?" என்று அவர் கேட்டதை மாமா பாராட்டாக எடுத்துக்கொண்டார். பிறகு காது கேட்கும் அளவைச் சோதிக்கும் பெண் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, "சின்னதா ஒரு சத்தம் கேட்டாலும் கையத் தூக்குங்க ஐயா" என்று ஜாடையோடு உரக்கச் சொல்லி, ஹெட்போனை மாட்டிவிட்டு வெளியே வந்து பட்டனை அழுத்தினார். மாமா கை தூக்கவில்லை. அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டினார். அப்போதும் தூக்கவில்லை. இன்னும் கூட்டிய பிறகுதான் கை மேலே போனது. மறு காதுக்கும் அதே கதை. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "ரொம்பவே கொறைஞ்சிருக்குங்க. நல்ல மிஷின் வெச்சாலும் பேச்சு புரியறது கஷ்டம்தான்" என்றார். அத்தையின் கை என் தோளைப் பிடித்துக்கொண்டது. சேர்த்து வைத்த பேச்செல்லாம் அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.

ஆனால் அத்தை அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, கண்ணாடி வழியாகப் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்குக் கேக்குதுங்க அம்மிணி. கால் பெருவெரலப் பாருங்க" என்றார். மறுபடி பட்டன் அழுத்தப்பட்டது. மாமாவின் பெருவிரல் மெல்லத் தரையில் அழுந்தியது. கை மட்டும் தொடையோடு ஒட்டியிருந்தது. அந்தப் பெண் கதவைத் திறந்து ஏன் கை தூக்கவில்லை என்று உரக்கக் கேட்டதற்கு மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "கேட்ட மாதிரியும் இருக்குது, கேக்காத மாதிரியும் இருக்குது. ரிக்குல நான் கையத் தூக்குனா மேல நிக்கறவன் தொளைக்கற ராடத் தூக்கிருவான். எவனாச்சும் அதுல கைய வெச்சிருந்தான்னா? நிச்சயமில்லாம எப்பிடிங்க தூக்கறது? என்ற கையால ஒருத்தனுக்கும் அடிபட்டதில்ல."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சரிங்க ஐயா, கைய உடுங்க. கால் வெரல அசைங்க, போதும்" என்று முதலிலிருந்து தொடங்கினார். காலைப் பார்த்துக் காது அளக்கப்பட்ட ஒரே நோயாளி எங்கள் மாமாவாகத்தான் இருப்பார். நினைத்த அளவுக்கு மோசமில்லை என்று தெரிந்தது. கூரியரில் வரும் பெட்டி எல்லோருக்கும் ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு அதுவே போதுமாயிருக்கலாம். எங்கள் மாமாவுக்கு, அவர் காலைப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

மிஷினை அவர் காதுக்குத் தகுந்தபடி திருத்திக் கொடுத்த அந்தப் பெண், இன்னும் சில தடவை வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இன்று எங்கள் வீட்டில் பேச்சு ஓய்வதே இல்லை. அத்தையைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்ல வழி இருக்கிறதா என்றுகூடச் சில நாள் தோன்றும். ஆனால் அன்று காரில் திரும்பி வரும்போது, சங்ககிரி தாண்டியும் அத்தை வாயைத் திறக்கவில்லை. மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, பேசு" என்று கத்தினார். தன் குரல் தனக்கே கேட்டதில் திடுக்கிட்டு, இரண்டாவது தடவை மெதுவாகச் சொன்னார்.

அத்தை சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். "கேக்காதப்ப வாய்க்கு வந்ததெல்லாம் பேசிப்போட்டேன். இப்ப நெசமாலுமே கேக்குதுன்னதும் வெக்கமா இருக்குதுங்க" என்றார்.

இந்த முறை மாமா தலையாட்டவில்லை. "மெதுவாவே சொல்லு" என்றார். "நான் இனி எங்கயும் போறதில்ல."