விசிலைத் துடைத்தவர்

அடுகோடி மைதானத்தில் எங்கள் கம்பெனி டீமுக்கு வாய்த்த ரெஃப்ரி, ஓடவே தெரியாத தொப்பைக்காரர். ஒவ்வொரு முறையும் விசிலைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் ஊதுவார். அதற்குள் பந்து பாதி மைதானம் போய்விடும். கோல் கோட்டைத் தாண்டிய எங்கள் பந்தைப் பார்த்து, கோல் இல்லை என்றார். வெளியே நின்று மேட்சைப் போனில் எடுத்துக்கொண்டிருந்த நான், ஓடிப்போய் வீடியோவை நீட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“போனப் பாத்துதான் ஊதணும்னா நான் எதுக்கு சார்? போனையே நடுவுல நிக்க வெச்சுடுங்க.”

மடையன் என்று சத்தமாகவே சொன்னேன்.

பிறகு ஒரு கோல் போட்டு முன்னிலையில் இருந்தோம். கடைசி நிமிடத்தில், எங்கள் கோலுக்கு முன்னால் எங்கள் ஆளின் கையிலேயே பந்து பட்டது. எதிரணி பெனால்டி கேட்டுக் கத்தியது. அவர் நேரே என்னிடம் வந்தார்.

“நான் சரியா பாக்கல. வீடியோவ காட்டுங்க சார்.”

“இத எடுக்கல,” என்றேன். என் கையிலிருந்த போனில் ரெக்கார்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசிலைத் துடைத்தார்.

“சார் எடுக்கலையாம்,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.

ஒரு கோலில் ஜெயித்தோம். இன்றும் அந்த ஆளை மடையன் என்றுதான் சொல்கிறேன். அந்த வீடியோவைத்தான் இதுவரை யாருக்கும் காட்டவில்லை.