மா ஒட்டிய சேட்டு

வெள்ளைக்காரனின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன மறு வருடம் நான் அங்கே வேலை தேடிப் போனேன். அதைவிட மோசமான நேரத்தை நான் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. தளத்தில் வேலை இழந்தவர்கள் எல்லோரும் விடிய முன்னரே இறங்குதுறை வாசலில் வந்து நிற்பார்கள். கோதுமை மா ஏற்றிய கப்பல் வந்த நாட்களில் கங்காணி தகரத் துண்டுகளோடு வருவார். துண்டு கையில் கிடைத்தவனுக்கு அன்றைக்கு வேலை. மற்ற நாங்கள் வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்புவோம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், அதற்குள் நாலு ஊரில் மண் வெட்டியும் மூட்டை தூக்கியும் பார்த்தவன். நின்று திரும்புவது எனக்குப் பழக்கம்.

பழகாதது ஒன்றுதான். என்னோடு ஒரே அறையில் இருந்த கிளிவெட்டி என்ற ஊர்க்காரனுக்குக் கப்பல் வந்த நாளெல்லாம் துண்டு கிடைத்தது.

அவன் என்னைவிட மெலிந்தவன், இரண்டு வயது இளையவன். ஊரில் தகப்பனுக்கு வயல் இருந்தது. வேலை இல்லாவிட்டாலும் அவன் சோறு தின்பான். பின்னேரம் அறை வாசலில் நின்று, சேட்டில், அதாவது சட்டையில், ஒட்டிய மாவை விட்டுவிட்டுத் தலையிலிருந்ததை மட்டும் தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

"என்ன அண்ணை, இண்டைக்கும் இல்லையோ?"

"ஓம். இல்லை."

"நீங்கள் சேட்டைத் தோய்ச்சு வடிவா வெளிக்கிட்டுப் போறீங்கள். அதுதான் பிழை. மா ஒட்டின சேட்டோட நில்லுங்கோ. நேற்று வேலை செய்தவன் ஆரெண்டு கங்காணிக்குத் தெரியவேணும்."

இறங்குதுறை வாசலில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். வேலை கிடைத்தவன் ஒருவனும் சேட்டைத் தோய்ப்பதில்லை. அவர்கள் பக்கத்தில் நின்றால் புளித்த மா மணக்கும். ஆனால் வேலையே கிடைக்காதவன் மாவுக்கு எங்கே போவான்? அதை அவன் யோசிக்கவில்லை. அறிவுரை சொல்லிவிட்டு என் பாயில் கால் நீட்டி உட்கார்ந்து பிளேன்டீ குடித்தான்.

ஒரு சனிக்கிழமை அவன் செய்தி கொண்டுவந்தான். திங்கட்கிழமை கங்காணி ஆறு பேரை நிரந்தரமாக எடுக்கப் போகிறார். அந்த ஆறு பேரும் அதற்குப் பிறகு துண்டுக்காக வாசலில் நிற்கத் தேவையில்லை.

ஞாயிறு மத்தியானம் அவன் சாப்பிட்டுவிட்டு வாய் திறந்தபடி தூங்கினான். சேட்டு ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். என் சேட்டைக் கொடியில் விரித்து, அதற்கு எதிரே நின்று அவனுடையதை உதறினேன். மா என்னுடையதில் படிந்தது. தையல்களில் இருந்ததையும் விரலால் தோண்டித் தடவினேன். பிறகு என்னுடையதை ஒளித்துவைத்துவிட்டு, அவன் சேட்டுக்கு இருந்த சவுக்காரம் முழுவதையும் போட்டுத் தோய்த்துக் கொடியில் போட்டேன். என் சேட்டைக்கூட அவ்வளவு கவனமாக ஒருநாளும் தோய்த்ததில்லை.

எழும்பி வந்தவன் கொடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"ஐயோ அண்ணை, என்ன செய்தனீங்கள்?"

"ஊத்தையாக் கிடந்தது. பாவமெண்டு தோய்ச்சனான்."

அவனிடம் வேறு சேட்டு இல்லை. ஈரச் சேட்டைப் பிழிந்து மறுபடி விரித்தான். பிறகு, "உங்கட மனம் எனக்குத் தெரியும்தானே," என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை கங்காணி எங்களை வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருவனாகத் திருப்பி, பிடரிக்குக் கீழே பெருவிரலால் அமத்திப் பார்த்தார். மூட்டை தூக்கினவனுக்கு அந்த இடம் காய்த்திருக்கும். அவர் சேட்டைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார் என்பது எங்களுடைய கதை மட்டும்தான்.

கிளிவெட்டிக்காரனிடம் வந்ததும், "என்னடா மாப்பிள்ளை, இண்டைக்கு ஆருக்குக் கலியாணம்?" என்றார். வரிசை சிரித்தது. பெருவிரல் பிடரியில் அமர்ந்தது. "காணும், நீ ஆள். அங்கால எடுத்த ஆக்களோட போய் நில்லு."

அடுத்தது நான். என்னைத் திருப்பக்கூட இல்லை. என் நெஞ்சைப் பார்த்தார்.

"முதுகில சுமக்கிற மா உனக்கு நெஞ்சில எப்பிடியடா வந்தது? மூட்டையைப் பிள்ளை மாதிரித் தூக்கினியோ?"

எனக்குப் பின்னால் நின்றவன் இருமும்வரை சிரித்தான். நான் குனிந்து பார்த்தேன். முன்பக்கம் முழுக்க வெள்ளை. முதுகில் ஒரு பொட்டுக்கூட இருந்திருக்காது.

அன்று பின்னேரம் அவன் அரை இறாத்தல் பாணும், அந்தக் கடை ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பலும் வாங்கிவந்து எனக்கு முன்னால் வைத்தான்.

"அண்ணை, உங்கட கை ராசியான கை. இனி ஞாயிறு ஞாயிறு நீங்களே தோய்ச்சுத் தரவேணும். நான் சவுக்காரம் வாங்கித் தாறன்."

பசி. பாணைத் தின்றேன். ஓம் என்று தலையாட்டினேன்.

மூன்று ஞாயிறு தோய்த்தேன். முதல் தண்ணீர் பால் மாதிரி ஓடும். அந்த மா முழுவதும் அவன் முதுகில் இருந்து வந்தது என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். நாலாவது ஞாயிறு அவன் புதிதாக வாங்கிய சேட்டோடு ஊருக்குப் போயிருந்தான், செவ்வாய்தான் வருவான். அவன் வேலைச் சேட்டை வாளியில் ஊறப் போட்டேன். இரண்டு நாள் ஊறினால் மா பசையாகித் துணியில் இறுகிச் சேட்டே பழுதாகிவிடும் என்பது அதற்குள் எனக்கு நன்றாகத் தெரியும்.

வாளியை அப்படியே விட்டுவிட்டு, மாற்றிக் கட்டும் என் சாரத்தைச் சுருட்டிக்கொண்டு வேறு ஊருக்கு ரயில் ஏறினேன்.