அம்மா வீட்டு பென்டிரைவ்

சுப்ரஜா எதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கிற ரகம். ஆபீஸுக்குக் கிளம்பித் தெருமுனை வரை போனவள், கேஸை மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வருவாள். அப்படிப்பட்டவள் கல்யாண விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டுவிட்டாள். புருஷன் ஷ்யாம்சுந்தர் ஊருக்குத் தங்கமான பிள்ளை, பெரியவர்களைக் கண்டால் காலில் விழுவான். வீட்டுக்குள் கை நீட்டுவான், அதுவும் முகத்தில் படாமல் பார்த்து.

மூன்று வருஷம் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் படம் எடுத்தாள். சனிக்கிழமைதோறும் செம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்ததும் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, தோள், முதுகு, தொடை என்று அடிபட்ட இடங்களைப் போனில் எடுப்பாள். லேப்டாப்பில் ஏற்றிப் பூட்டியபின் போனில் அழித்துவிடுவாள். பாஸ்வேர்டு வைத்தால் புருஷன் கையை முறுக்கிக் கேட்டுவிடுவான். ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருக்கிறான். அதனால் கூட வேலை செய்யும் ஜோனத்தான் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு பென்டிரைவைச் செருகினால்தான் திறக்கும்படி செய்தாள். அதற்குள் சாவியாக ஒரே ஒரு குட்டி ஃபைல். காப்பி ஒன்று எடுத்து வைக்கச் சொன்னான் ஜோனத்தான். அது புருஷன் கையில் சிக்கிவிடுமோ என்று பயந்து அவள் எடுக்கவில்லை. பென்டிரைவ் அம்மா வீட்டு ஷோகேஸ் டிராயரில் கிடந்தது. மனசு உடைந்துவிடுவாள் என்று அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம்தான் ஒரேயடியாகக் கிளம்பி வந்தாள். ஒத்துவரவில்லை என்று மட்டும் வீட்டில் சொன்னாள். மேற்குத் தாம்பரத்தில் வக்கீல் மெர்வினிடம், "ஆதாரம் எல்லாம் இருக்கு சார்" என்று தைரியமாகச் சொல்லி வழக்குப் போட்டாள். வியாழக்கிழமை கோர்ட். திங்கட்கிழமை டிராயரைத் திறந்தால் பென்டிரைவைக் காணோம்.

"அது கார்ல இருக்குடி" என்றாள் அம்மா அபிதகுஜாம்பாள். "உனக்கு நல்லபடியா ஆகணும்னு போன வாரம் திருவண்ணாமலை போனோமே, வழியில கேக்க ஸ்லோகம் ஏத்திண்டு வரச் சொல்லி அப்பாகிட்ட குடுத்தேன். காலியாத்தானே கெடந்தது?"

சுப்ரஜா காரிலிருந்து பென்டிரைவை எடுத்துக்கொண்டு, அப்பா ஸ்லோகம் ஏற்றி வந்த கார் ஆடியோ கடைக்கு ஓடினாள். கடைக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆமாக்கா, உள்ள தம்மாத்தூண்டு ஃபைல் ஒண்ணு இருந்துச்சு. வைரஸ்னு நெனச்சு ஃபார்மட் அட்ச்சிட்டு ஏத்தினேன். இன்னாக்கா, பாட்டு சரியா வர்லியா?"

ஜோனத்தான் ஒரு நாள் முழுக்கப் போராடினான். "பென்டிரைவ் பூராப் பாட்டு ஏறிடுச்சு, சுப்ரஜா. அந்த ஃபைல் இனிமே வராது" என்றான். படங்கள் லேப்டாப்பில் பத்திரமாகத்தான் இருந்தன. புருஷன் திறக்கக் கூடாதென்று போட்ட பூட்டு அவளுக்கும் திறக்கவில்லை. அம்மாமேல் ஆத்திரம் பொங்கியது. மறைத்தது நான்தானே என்று நினைத்ததும் அதைக்கூடக் காட்ட முடியாமல் போயிற்று.

புதன்கிழமை மெர்வின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருக்காம்மா?"

"இருக்கு சார். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு போட்டிருக்கு. நான்தான் அப்படிச் சொன்னேன்."

"உடம்புல ஏதாவது அடையாளம், தழும்பு?"

சுப்ரஜா அவசரமாகச் சுடிதார் கையைத் தோள்வரை சுருட்டிக் காட்டினாள். பிறகு தானும் குனிந்து பார்த்தாள். ஒரு மாதம் அம்மா கைச் சாப்பாடு, நிம்மதியான தூக்கம். எல்லாம் சுத்தமாக ஆறியிருந்தது.