மணிமங்கலத்துக்குப் போகாத ஆம்ப்ளிஃபயர்

பாட்டுக் கச்சேரிக்கு நாலைந்து மைக் வைத்தால், எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து கொடுக்க மிக்ஸர் வேண்டும். அதற்குக் கரண்ட் கொடுக்கத் தனியாக ஓர் இரும்புப் பெட்டி உண்டு. தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மைக்செட் கடையில் நான் ரிப்பேர் வேலை பார்த்தபோது, அந்தப் பெட்டியை எரித்தது நான்தான். பிள்ளைகளே, இதை நான் ஒளித்து வைத்ததில்லை. அன்றைக்கே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். என்னை உறுத்துவது அதற்கப்புறம் நடந்தது.

அப்போதெல்லாம் ஊரில் சரியான வோல்டேஜ் கிடையாது. பம்ப்செட் எல்லாம் ஓட ஆரம்பித்தால் ட்யூப்லைட் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். வோல்டேஜ் இறங்கினால் மிக்ஸரில் ‘ஊம்’ என்று ஓர் இரைச்சல். அதற்கு எல்லாக் கடையிலும் ஒரே வைத்தியம்தான்: டிரான்ஸ்ஃபார்மரில் குறைந்த வோல்டேஜுக்கென்று இருக்கும் முனையில் ஒயரை மாற்றிப் பற்றவைப்பது. நானும் செய்தேன். இரைச்சல் போனது. முதலாளிக்குச் சந்தோஷம்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வயலுக்குத் தண்ணீர் தேவையில்லை, பம்ப்செட் எல்லாம் நின்றுவிட்டன. வோல்டேஜ் சர்ரென்று ஏறியது. வெள்ளிக்கிழமை காலை, ஒயரைப் பழைய முனைக்கு மாற்றாமலே மிக்ஸரைச் சோதித்துப் பார்க்க சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பெட்டியிலிருந்து புகை. டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது, கண்டென்சர்கள் உப்பி வெடித்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழா. பாடகர் குழுவுக்கு மிக்ஸர் இல்லாமல் முடியாது. நான் செய்ததைச் சொன்னதும் முதலாளி திட்டவில்லை. “ஃபாதருக்கு நான் இன்னா பதில் சொல்றது?” என்று மட்டும் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றித் தரும் கடையில் திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள்.

என்னோடு அங்கே வேலை பார்த்த கூட்டாளி மணிமங்கலத்துக்காரன். சொந்தமாக மைக்செட் வைக்க வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் குந்திக்கொண்டு ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டியிருந்தான். “எனக்கே போட்டியாடா?” என்று முதலாளியும் கிண்டல் செய்வார். அவனுக்கு முதல் ஆர்டர், அதே ஞாயிற்றுக்கிழமை, அவன் ஊரிலேயே ஒரு காதுகுத்து. எங்கள் தொழிலில், ஒரு தெருவில் முதலில் யார் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறாரோ அவரைத்தான் அடுத்தடுத்த விசேஷத்துக்கும் கூப்பிடுவார்கள். அது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் மிக்ஸருக்கு அப்படியே பொருந்தும். அது இருந்த அலமாரியை நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.

“இன்னா மச்சான் பாத்துக்கினே கீற? வாயத் தொறந்து கேளேன்.”

கேட்டேன்.

“அப்ப நான் காதுகுத்துக்கு இன்னாத்த எடுத்துக்கினு போறது?”

கடையில் இருந்த ஆம்ப்ளிஃபயர் எல்லாம் திருவிழாவுக்கே போகவிருந்தன. ‘வேண்டாம், விட்டுவிடு’ என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். உங்கள் அம்மா அப்போது மூத்தவளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து டிரான்ஸ்ஃபார்மரைத் தானே கழற்றினான்.

மதியத்துக்குள் பெட்டியை மறுபடி கட்டினோம். கருகிய போர்டைப் பெட்ரோல் ஊற்றித் துடைத்தோம். புதுக் கண்டென்சர், புது ரெகுலேட்டர். ஒயரை இந்த முறை சரியான முனையில் வைத்தேன். நேராகக் கரண்ட் கொடுக்காமல் நடுவே ஒரு குண்டு பல்பை மாட்டித்தான் சோதிப்போம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். எரிந்தது. ஒரு டயோடு போயிருந்தது, மாற்றினேன். அடுத்த முறை பல்பு லேசாக மினுக்கி மங்கியது. மீட்டரில், மிக்ஸருக்கு வேண்டிய பிளஸ் பதினைந்து, மைனஸ் பதினைந்து வோல்ட். “வந்துடுச்சு” என்று கத்திவிட்டேன். அவன் தன் காலிப் பெட்டிக்கு மூடி போட்டுத் திருகிக்கொண்டிருந்தான்.

திருவிழாவில் பாட்டு கண்ணாடி மாதிரி கேட்டது. ஃபாதர் என் தோளில் தட்டினார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை, புதிதாகச் சுற்றி வந்த டிரான்ஸ்ஃபார்மரை அவன் பெட்டியில் நானே பொருத்தினேன். காதுகுத்துக்குப் படப்பையிலிருந்து வேறு ஒருவர் குழாய் கட்டினாராம். அதைச் சொல்லும்போதும் அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆவணியில் அந்தக் காதுகுத்து வீட்டில் கல்யாணம். நாங்கள் இருவரும் தாம்பரம் பஸ்ஸில் அந்தத் தெருமுனையைத் தாண்டினோம். வேப்பமரத்தில் படப்பைக்காரரின் குழாய் பாடிக்கொண்டிருந்தது. அவன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

“சவுண்டு கொஞ்சம் கிழியுது இல்ல மச்சான்?”

“ஆமாம்டா, கிழியுது” என்றேன்.

சத்தம் நன்றாகத்தான் இருந்தது.