சுவருக்கு மேலே நடந்த வகுப்பு

சாயங்கால மழை விட்ட பிறகு தகரக் கூரையிலிருந்து சொட்டும் சத்தம்... அதோடு விறகுப் புகை. கொரோனா காலம் என்றாலே எனக்கு முதலில் வருவது இந்த இரண்டும்தான்.

அப்போது தேயிலைத் தோட்டத்துப் பழைய லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிய வீடுகளில் இருந்தோம். வீடுகளுக்கு நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்மல்.

தோட்டத்து இளசுகளுக்கு ஹட்டனிலிருந்து ஒரு டீச்சர் வந்து தலைமைத்துவ வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். லொக்டவுன் வந்ததும் வகுப்பு போனுக்குப் போனது. சிக்னல் கிடைத்ததோ கடைசி வீட்டு ஜன்னலில் மட்டும். ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் போகவும் தடை.

அதனால் அந்த வீட்டுச் செல்வம், டீச்சர் சொல்வதைச் சுவருக்கு மேலாகக் கத்துவான். கேட்ட பிள்ளை அடுத்த வீட்டுக்குக் கத்தும். பதிலும் அப்படியே திரும்பி வரும். முகமில்லாத குரல்கள் புகையோடு மிதந்து போகும், குரலை வைத்தே எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும்... படுத்துக்கொண்டு கேட்டால் கனவு மாதிரி இருக்கும்.

செல்வத்தின் வீட்டுக்கும் வாசுகியின் வீட்டுக்கும் நடுவில் என் வீடு. நான் தனி ஆள்.

வாசுகியின் அம்மா பாக்கியத்தோடு எனக்குப் பேச்சில்லை. என் மகள் கல்யாணத்தன்று, தண்ணீர் கொட்டும் பீலியில் என் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தவள். மறப்பேனா?

வாசுகி பேச வேண்டிய நாள் வந்தது. வகுப்பை ஒழுங்காக முடித்தால் மஸ்கெலியாவில் வேலை உண்டு என்று டீச்சர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் கொழும்புக்கு வீட்டு வேலைக்குத்தான் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் ஒரே இரைச்சல்.

“வாசுகி, ஒன்னும் கேக்கல! டீச்சர் போனை வைக்கப் போறாங்களாம்!” செல்வம் கத்தினான்.

அந்தப் பக்கம் விசும்பல்.

நான் கட்டில் மேல் ஏறி நின்றேன். “சொல்லு புள்ள, நான் கத்துறேன்.”

“யாருடி அது நடுவுல?” பாக்கியத்தின் குரல்.

“பக்கத்து வீட்டு அம்மாயிதான்மா,” என்றாள் வாசுகி.

“அப்ப சரி. அந்த வாய்க்குப் போனே வேணாம், ஹட்டனுக்கே கேக்கும்.”

“நான் செவத்தோடதான் பேசுறேன். கண்டவங்க பதில் சொல்ல வேணாம்!”

வாசுகி ஆரம்பித்தாள். “தனியா இருக்கிற வயசானவங்களுக்கு சாமான் வாங்கிக் குடுக்க ஆளில்ல...”

கத்தினேன்.

“அவங்க வாய்விட்டுக் கேக்கவும் மாட்டாங்க. நாமதான் முறை வச்சுப் போகணும்.”

அந்த லயத்தில் தனியாக இருந்தது நான் ஒருத்திதான். கத்துவதை விட்டு வாசுகி வீட்டுப் பக்கத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன்...

“அம்மாயி, சொல்லுங்க!” என்றான் செல்வம்.

சொன்னேன். ஒரு சொல் விடாமல், இன்னும் சத்தமாக.

டீச்சர் கைதட்டினாராம். செல்வம் அதையும் தட்டி அனுப்பினான். நான் வாங்கி வாசுகிக்குத் தட்டினேன்.

அவள் கொழும்புக்குப் போகவில்லை. இப்போது மஸ்கெலியாவில் அந்த வகுப்பை நடத்துவதே அவள்தான். போன மாதம் என்னையும் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தாள். பக்கத்து நாற்காலியில் பாக்கியம். எங்களுக்குள் இன்னும் பேச்சில்லை.

பெரிய ஹோல், மைக், ஸ்பீக்கர்... எல்லாம் நன்றாகவே கேட்டது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து பேசும்போது, இது யார் வீட்டுப் பிள்ளையோ என்று திரும்பித் திரும்பி முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.