ரோவருக்குப் பின்னால் ஒரு கால்

படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்தக் கால்தான்.

செவ்வாயின் சிவப்பு மண், உருளும் நான்கு சில்லு, மேலே சோலார் தகடு... அதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. ரோவருக்குப் பின்னால் ஒற்றைக் கால் ஒன்று மண்ணில் ஊன்றி நின்றது. ரொக்கெட் செய்து கிரகங்களில் இறக்கி விளையாடும் அந்த கேமில், ரோவருக்கு யாரும் அப்படிக் கால் வைப்பதில்லை.

நான் வைத்தேன்.

போன வியாழக்கிழமை, மஸ்கெலியாவில் நான் வேலை செய்யும் போட்டோகொப்பி கடைக்கு நிரோஷா வந்தாள். வெள்ளைச் சட்டை, டை, இரட்டைப் பின்னல். கூடவே ஹட்டனில் அவளோடு படிக்கும் ஷாலினி. ஸ்கூலில் விஞ்ஞானக் கண்காட்சியாம், போஸ்டர் அடிக்க வேண்டுமாம். பென் டிரைவைச் செருகிப் படத்தைத் திறந்தேன். அந்தக் காலைப் பார்த்ததும் என் கை மவுஸில் அப்படியே நின்றுவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்பு நானும் நிரோஷாவும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வீடுகள், ஒரே வகுப்பு. அவளுடைய அப்பா கொழும்பிலிருந்து ஒரு பழைய போன் வாங்கி வந்து கொடுத்திருந்தார். ஸ்கூல் விட்டதும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வோம். பச்சைக் கொழுந்து வாசம், சாக்கு ஈரம், தலைக்கு மேலே தகரத்தில் மழை... எங்கள் மடியில், போனுக்குள், நிலா.

ரொக்கெட் கட்டுவது அவள். மேலே கிளப்புவதும் அவள். இறங்கும் நேரம் வந்தால் போன் என் கைக்கு வந்துவிடும்.

"இந்தா புடி புஷ்பா. ஒனக்குத்தான் கை நடுங்காது."

வகுப்பில் டீச்சர் பெயரைக் கூப்பிட்டாலே நான் மேசைக்கு அடியில் குனிந்து பென்சிலைத் தேடுவேன். ஆனால் லேண்டர் கீழே வர வர, எஞ்சினைக் கொஞ்சம் விட்டு, கொஞ்சம் பிடித்து, பூப்போல வைத்துவிடுவேன். நிரோஷா என் முதுகில் ஒரு அடி வைப்பாள். அந்த அடிக்காகவே இன்னொரு முறை இறக்கலாம் போலிருக்கும்.

ரோவர்தான் எங்களைப் படுத்தியது. சரிவில் நிறுத்திவிட்டு லேண்டரைப் பார்க்கப் போனால், திரும்பி வருவதற்குள் உருண்டு போய்க் குழிக்குள் கவிழ்ந்து கிடக்கும். ஒரு வாரம் முழுக்க அப்படித்தான்.

"சனியன் புடிச்ச வண்டிடி இது!" என்று நிரோஷா போனையே எறியப் போனாள்.

அன்றைக்கு மடுவத்துக்கு முன்னால் கொழுந்து லொறி வந்து நின்றது. என் அப்பா அந்த லொறியில் கிளீனர். லொறி நின்றதும் குதித்து இறங்கி, பின் சில்லுக்கு அடியில் மரக்கட்டையைத் தள்ளினார். மழையில் நனைந்துகொண்டு இதை ஏன் முதலில் செய்கிறார் என்று நிரோஷா கேட்டாள்.

"கட்ட வைக்காம விட்டா, லொறி ஒங்கப்பா வீட்டு மாடா கண்ணு, சொன்ன எடத்துல நிக்க?"

நிரோஷா சிரித்தாள். நான் போனை வாங்கினேன். லேண்டருக்கு வைக்கும் மடக்குக் கால்களில் ஒன்றை எடுத்து, ரோவருக்குப் பின்னால் பொருத்தினேன். வண்டி நின்றதும் காலை இறக்கினால் அது மண்ணில் ஊன்றிக்கொள்ளும். புறப்படும்போது மடக்கிவிடலாம்.

செங்குத்துச் சரிவில் நிறுத்திப் பார்த்தோம். அசையவில்லை.

"அடிப்பாவி, கட்ட வச்சிட்டியா!" என்று கத்தினாள். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அதற்குப் பெயர் கட்டை.

அடுத்த வருடம் அம்மா கொழுந்து பறிக்கும் மலையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். வீட்டில் ஆள் வேண்டும் என்று நான் ஸ்கூலை விட்டேன். போன் அவளுடையது. ரோவரும் அதற்குள்ளேயே போய்விட்டது.

கடையில் ஷாலினி சொன்னாள், "அக்கா, எழுத்துக் கொஞ்சம் பெருசா போடுங்க."

அக்காவாம். அவளுக்கும் எனக்கும் ஒரே வயதுதான் இருக்கும்.

"எல்லாம் நீங்களே செஞ்சதா?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஆமா. லேண்டிங் எல்லாம் ஷாலினிதான்" என்றாள் நிரோஷா. "இவளுக்குக் கையே நடுங்காது."

பொறாமையா என்று கேட்டால், ஆமாம். அந்த டையின் மேல், ஹட்டன் பஸ்ஸின் மேல், எல்லாவற்றையும்விட ஷாலினியின் கைகளின் மேல்.

'உருவாக்கியவர்கள்' என்ற இடத்துக்கு நிரோஷா இரண்டு பெயர் சொன்னாள். அடித்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்று வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பிறகு ரோவரின் பாகங்களுக்குக் கோடு இழுத்துப் பெயர் போட்டோம். சில்லு, கமெரா, சோலார் தகடு.

"பின்னால இருக்குற காலு எதுக்குடி?" என்றாள் ஷாலினி. "கேப்பாங்களே."

"அது... சும்மா ஒரு ஸ்டைலுக்கு. பேரு வேணாம், விடு."

இப்போது என்னிடமும் ஒரு போன் இருக்கிறது. அதே கேமும் இருக்கிறது. வேலை முடிந்து போகும் பஸ்ஸில் தனியாக நிலாவில் இறக்குவேன். பூப்போலத்தான் இறங்குகிறது... முதுகில் அடிக்கத்தான் ஆள் இல்லை.

பஸ் வருகிறதா என்று பார்க்க இரண்டு பேரும் வாசலுக்குப் போனார்கள். நான் அந்தக் காலிலிருந்து ஒரு கோடு இழுத்தேன். முனையில் மற்றப் பெயர்களின் அளவிலேயே 'கட்டை' என்று அடித்து, பிரிண்ட் கொடுத்தேன்.